திரும்பி வரும் வழி

ஒரு பொருள் பழுதுபட்டால், பழுதைத் தேடுவதற்கு முன்பே பழியைச் சுமக்க ஓர் ஆளைத் தேடுவது மனித இயல்பு. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் நேற்று வந்து போன விருந்தினர் நினைவுக்கு வருகிறார். அலுவலகத்தில் கோப்பு ஒன்று காணாமற் போனால் சென்ற வாரம் மாற்றலாகி வந்த எழுத்தர் கண்ணில் படுகிறார். புதிதாக வந்தது எதுவோ, புதிதாக வந்தவர் எவரோ, அங்கேதான் நம் ஐயம் முதலில் சென்று தங்குகிறது. நோய் இன்னதென்று தெளிந்து, அது எதனால் வந்தது என்றும் கண்ட பின்னரே மருந்தை நினைக்க வேண்டும் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் முறை வகுத்துத் தந்திருக்கிறார். அந்த முறை மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. ஓடும் இயந்திரத்துக்கும், ஓடி வந்து குடியேறிய மனிதருக்கும் அது பொருந்தும் என்பதை ஒரு மீன்பிடி படகில் நாங்கள் கண்டோம். அதையே இம்மலர் வழியாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாங்கள் என்பது ஒரே மைய அரசு அலுவலகத்தில் பணியாற்றும் எழுத்தர்கள் மூவர். மூவரும் கலைப் பட்டதாரிகள். மின்னியலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு, மாதந்தோறும் மின் கட்டணம் செலுத்துவதோடு முடிந்துவிடும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் தொலைவில், கப்பலில் மூன்று நாள் பயணத்தில் உள்ள அந்தமான் தீவுத் தலைநகரம் எங்கள் பணியிடம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நகரை, நாங்கள் சொல்ல வந்த நிகழ்ச்சி நடந்த 2023-ஆம் ஆண்டில் போர்ட் பிளேர் என்றே அனைவரும் அழைத்து வந்தோம். அங்கே வங்காளியர், தமிழர், தெலுங்கர், மலையாளிகள், சோட்டா நாகபுரியிலிருந்து வந்த பழங்குடியினர் என எல்லாரும் கலந்து வாழ்கிறார்கள். சந்தையில் எல்லாருக்கும் பொதுமொழி தீவின் இந்தி. ஆயினும் ஜங்கிலிகாட் மீன்பிடித் துறையில் காலையில் சற்று நேரம் நின்றால் தூத்துக்குடித் தமிழும் இராமநாதபுரத் தமிழும் காதில் விழாமற் போகா.

அத்துறையில் படகு வைத்திருக்கும் ஒரு பெரியவரை நாங்கள் அண்ணாச்சி என்றே அழைப்போம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். ஞாயிறுதோறும் எங்களுக்கு நல்ல மீன் எடுத்து வைப்பார். அவர் பெண்ணின் கல்லூரி விண்ணப்பங்களையும், படகின் பதிவு உரிமத் தாள்களையும் நாங்கள் எழுதித் தருவோம். இப்படி வளர்ந்த உறவு அது. படகை நம்பி மூன்று குடும்பங்கள் உண்டு: அண்ணாச்சியின் குடும்பம், உடன் செல்லும் இரண்டு ஆட்களின் குடும்பங்கள். படகு கரையில் நின்றால் மூன்று வீட்டு அடுப்புகளும் யோசிக்கத் தொடங்கும்.

அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் படகு எஞ்சினின் ஆல்டர்னேட்டர் பேரிங் தேய்ந்து அலறத் தொடங்கியது. துறையில் அதனை எல்லாரும் டைனமோ என்றே சொல்வர். பழையதைப் போன்ற ஒன்று தீவில் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து கப்பலில், சற்றுக் கூடுதல் ஆற்றல் கொண்ட புதிய மாதிரி ஒன்று வந்தது. அதனைப் பொருத்தியவன் துறையருகே ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞன். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் காடு திருத்தும் பணிக்காகச் சோட்டா நாகபுரியிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவன். தீவில் அவர்களை ராஞ்சிக்காரர்கள் என்று பொதுவாகச் சொல்வர். அவன் ஒரு பிற்பகல் முழுதும் உழைத்துப் புதியதை மாட்டிக் கொடுத்தான். கூலியில் பாதி பெற்றான். மீதி, படகு ஓடிப் பார்த்த பின் என்று பேச்சு.

படகு ஓடியது. ஆனால் ஒரு வாரத்துக்குள் நான்கு குறைகள் தோன்றின. சாவியைத் திருப்பினால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் முள் செத்துக் கிடந்தது. எஞ்சினை வேகமாக ஓட்டினால் படகின் விளக்குகள் சற்றுத் தெளிந்தன. மெதுவாக ஓட்டினால் மங்கிச் சிவந்தன. நான்காவது, எல்லாவற்றிலும் பெரியது: விடியற்காலையில் வலையை இழுத்து முடித்து எஞ்சினை எழுப்பப் போனால் செல்ஃப் மோட்டார் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

கரையில் இருப்பவர்க்கு இவை சிறு தொல்லைகள். கடலில் அப்படியன்று. அந்தமான் தீவுகள் கிழக்கே வெகுதொலைவில் இருந்தும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால், நவம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கதிரவன் மறைந்தது முதல் எழும் வரை படகு தன் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும், உயரே வெள்ளையும் ஏந்த வேண்டும் என்பது 1972-இல் வகுக்கப்பட்டு 1977 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு விதி. அந்த விளக்குகள் வழி காண்பதற்கு அல்ல; பெரிய கப்பல் நம்மைக் காண்பதற்கு. ஓரிரவு அண்ணாச்சியின் படகில் அவை மங்கி அணைந்தன. எஞ்சின் எழவில்லை. சரக்குக் கப்பல் ஒன்று நேரே வருவதைக் கண்டு, ஆட்கள் மூவரும் கைவிளக்கை ஆட்டி ஆட்டிக் கத்தியிருக்கிறார்கள். கப்பல் விலகிச் சென்றது. அவர்களைப் பார்த்து விலகியதோ, தன் பாதையே அதுவோ, யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது.

துறையில் அண்ணாச்சி பேசிய பேச்சில் அச்சம் முழுவதும் சினமாக மாறியிருந்தது.

"புது டைனமோ மாட்டின நாள்லேருந்துதான் சார் இந்தக் கூத்து. அதுக்கு முன்னால ஒரு நாளாவது வெளக்கு மங்கியிருக்கா? அந்த ராஞ்சிப் பய கைவச்சான், எல்லாம் போச்சு."

அவர் அத்துடன் நிற்கவில்லை. மீதிக் கூலி கிடையாது என்றார். பிற படகுக்காரர்களிடமும் அவனை அண்டவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமைக் கப்பலில் ஆல்டர்னேட்டரைத் திருப்பி அனுப்பப் போவதாகவும் தீர்மானித்தார். திருப்பி அனுப்பினால் மாற்று வர எத்தனை நாளாகும் என்பது கப்பலைப் பொறுத்தது. அந்த நாட்களில் மூன்று குடும்பங்களுக்கும் வருவாய் இல்லை. இளைஞனுக்கோ துறையில் பெயரே இல்லை.

எங்கள் குடியிருப்புக்கு அருகில், கப்பல் பட்டறை ஒன்றில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். கும்பகோணத்துக்காரர். அவரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் கேட்ட முதற்கேள்வி, "எத்தனை வோல்ட் இருந்தது?" என்பதுதான். எவரும் அளக்கவில்லை என்றோம். "அளக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்களோ?" என்று சிரித்தார். அவரை அழைத்துக்கொண்டு துறைக்குச் சென்றோம். பத்து நாள் பொறுங்கள் என்று நாங்கள் அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டோம். எங்களுக்காக அன்று, பெரியவரின் நரைத்த தலைக்காகவே அவர் இசைந்தார்.

இங்கே ஆல்டர்னேட்டரின் வேலையைச் சுருங்கச் சொல்வது நல்லது. காந்தம் கம்பிச் சுருளின் அருகே அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831-இல் பாரடே கண்டறிந்தார். ஆல்டர்னேட்டரின் நடுவே சுழல்வது ஒரு மின்காந்தம். அதனை எஞ்சின் ஒரு பெல்ட் வழியாகச் சுற்றுகிறது. சுற்றியுள்ள சுருள்களில் மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. டயோடுகள் அதனை ஒரே திசையில் செல்லுமாறு திருத்துகின்றன. வயலுக்கு மதகு போல, ரெகுலேட்டர் என்னும் சிறு உறுப்பு நடுவிலுள்ள காந்தத்தின் வலிமையைக் கூட்டியும் குறைத்தும், மின்னழுத்தம் 14 வோல்ட்டைச் சற்றே தாண்டி நிற்குமாறு காக்கிறது. 12 வோல்ட் பேட்டரி என்பது பெயரளவில்தான். முழுதும் நிறைந்து ஓய்ந்திருக்கும்போது அது 12.6 அல்லது 12.7 காட்டும், 12-க்குக் கீழே இறங்கிவிட்டால் ஏறக்குறைய வெறும் பானை. அந்தப் பானைக்குள் நீர் ஏற வேண்டுமானால் வெளியிலிருந்து வரும் அழுத்தம் அதனினும் உயர்ந்திருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு விடியலில் படகில் கூடினோம். பெரியவர் ஒரு மல்டிமீட்டரும், இரு கம்பிகள் பிணைத்த சிறு பல்பும், ஒரு நூற்கண்டும் கொண்டு வந்தார். எங்கள் பங்கு ஒரு குறிப்பேடும் பேனாவும். எந்த உறுப்பையும் மாற்றக் கூடாது, அளந்ததை எழுதாமல் அடுத்ததைத் தொடக் கூடாது என்பவை அவர் விதித்த இரண்டு விதிகள். கோப்பில் குறிப்பெழுதியே தலை நரைக்கும் எங்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றவில்லை. முன்னைத் தாள்களைப் பாராமல் முடிவுக் குறிப்பு எழுதுதல் ஆகாது என்பதுதானே அலுவலக நெறியும்!

அதற்குள் அண்ணாச்சி தமக்குத் தெரிந்த பழைய சோதனை ஒன்றைச் செய்ய முற்பட்டார். எஞ்சினை எழுப்பிவிட்டு, ஓடும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றினால் டைனமோ உயிரோடிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஸ்பேனரோடு குனிந்தவரைப் பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணாச்சி, அது அந்தக் காலத்து டைனமோவுக்கு. இதிலே ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் மின்னழுத்தம் எகிறி டயோடெல்லாம் வெந்துபோகும். நல்லா இருக்கிறதைக் கொன்னுட்டு, செத்துப்போச்சுன்னு சொல்லுவீங்க."

அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

முதலில் பேட்டரி. முந்திய நாள் கரையில் முழுதும் ஏற்றி, கம்பிகள் இணைக்காமல் இரவு முழுவதும் வைத்திருந்தோம். காலையில் 12.6 வோல்ட். ஆறு அறைகளின் அமிலச் செறிவும் அளவுமானியில் ஒன்றுபோல் இருந்தது. ஓர் அறை மட்டும் தாழ்ந்திருந்தால் பேட்டரியே குற்றவாளி. அப்படியில்லை. குறிப்பேட்டில் முதல் வரி: பேட்டரி நலம்.

இரண்டாவது, இரகசியக் கசிவு. எல்லா விசைகளையும் அணைத்தபின், பேட்டரியின் எதிர்முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே சிறு பல்பைப் பிணைத்தார் பெரியவர். எங்கேனும் மின்சாரம் ஒழுகினால் பல்பு எரியும். எரியவில்லை. ஆகவே பேட்டரியை இரவில் எதுவும் குடிக்கவில்லை. அது பட்டினி கிடந்தே மெலிந்திருக்கிறது.

மூன்றாவது, பெல்ட். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் அளவே அமிழ வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் அமிழ்ந்தது. சுற்றிலும் கருந்தூள் படிந்திருந்தது. புதிய பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்தில் நீளும். மறுபடி இறுக்க வேண்டும். பொருத்திய பின் படகு உடனே கடலுக்குப் போய்விட்டது. இறுக்குவதற்கு யாரும் அழைக்கவில்லை. நூலை இரு சக்கரங்களின் மேலும் நீட்டிப் பிடித்துப் பார்த்தோம், நேர்கோட்டில் இருந்தன. பொருத்தியவன் கை சுத்தமான கை என்றார் பெரியவர். பெல்ட்டை இறுக்கினோம்.

நான்காவது, எரியாத சிவப்பு விளக்கு. நாங்கள் அதனை வெறும் அறிவிப்பு விளக்கு என்றே எண்ணியிருந்தோம். உண்மையில் அதன் வழியாகச் செல்லும் சிறு மின்னோட்டமே நடுவிலுள்ள மின்காந்தத்தை முதலில் எழுப்பி விடுகிறது. விளக்கு செத்தால் ஆல்டர்னேட்டர் உறங்கிக்கொண்டே சுற்றும். எஞ்சினை மிக வேகமாக ஓட்டினால்தான் தன்னிடம் எஞ்சியிருக்கும் இம்மி காந்தத்தால் விழிக்கும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அளந்தோம்: பேட்டரியில் இருந்த அதே 12.3 வோல்ட்தான் ஆல்டர்னேட்டரிலும். வேகம் கூட்டியதும் 14.3-க்குத் தாவியது. விளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இழை அறுந்து, கண்ணாடி கறுத்திருந்தது. அது எப்போது அறுந்தது என்று படகின் ஆட்களைக் கேட்டபோது, சென்ற மழைக்காலம் முதலே எரியவில்லை என்றார் ஒருவர். பழைய இயந்திரத்தில் காந்தம் சற்று மிச்சமிருந்ததால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. புதிய பல்பு மாட்டினோம். ஒரு தேநீரின் விலைதான்.

அன்று பொழுது ஏறிவிட்டது. இரு குறைகள் தீர்ந்தன என்று மகிழ்ந்தோம். ஆயினும் அன்றிரவு அருகிலேயே போய் வந்த படகில் விளக்குகள் முழு ஒளி பெறவில்லை. அண்ணாச்சியின் முகமும் அப்படியே. அவ்வாரத்தில் இளைஞனைக் கடைத்தெருவில் கண்டோம். துறையில் எவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்றான். தன் வேலையில் பிழை இல்லையென்று அவன் சாதிக்கவில்லை. "என்னையும் கூப்பிட்டுக் காட்டினால் நானும் தெரிந்துகொள்வேன்" என்று மட்டும் தீவின் இந்தியில் சொன்னான். இரண்டாம் ஞாயிறு அவனையும் அழைத்தே சென்றோம். அண்ணாச்சி அவனைப் பார்த்துவிட்டு அணியத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று நடந்ததே உயிரான சோதனை. எஞ்சினை ஓட்டி, விளக்குகள் அனைத்தையும், அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பையும் இயக்கினோம். பெரியவர் மீட்டரை ஆல்டர்னேட்டரின் முனைகளில் வைத்தார்: 14.3. அப்படியே பேட்டரியின் முனைகளில் வைத்தார்: 12.7. ஒரே கம்பியின் இரு கோடிகள், இடையே 1.6 வோல்ட் காணவில்லை.

"சம்பளம் சரியாத்தான் வருது, வீட்டுக்கு வந்து சேரலை" என்றார். மாதக் கடைசியை அறிந்த எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கே வழிப்பறி என்று காண, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் நேர்முனையிலும் மறுமுனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைத்தார். 0.5 வோல்ட். போகும் வழியில் இழப்பு அவ்வளவு. பிறகு ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வைத்தார். 1.1 வோல்ட். இரண்டையும் கூட்டினால் 1.6. எங்கள் குறிப்பேட்டில் வரவும் செலவும் பொருந்தின. ஆரோக்கியமான படகில் திரும்பும் வழியின் இழப்பு 0.2-ஐத் தாண்டலாகாது.

மின்சாரம் பேட்டரிக்குப் போனால் மட்டும் போதாது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியும் வர வேண்டும். அந்தத் திரும்பும் வழியையே எர்த்து என்கிறார்கள். பெரியவர் கைப்பிடி மீட்டரால் கவ்விப் பார்த்தபோது ஏறத்தாழ 30 ஆம்பியர் ஓடியது. 1827-இல் ஓம் எழுதிய விதிப்படி கணக்கிட்டால், அந்த வழியின் தடை ஓர் ஓமில் நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. அத்துணைச் சிறிய தடை 33 வாட் ஆற்றலை வெப்பமாக்கித் தின்றுகொண்டிருந்தது. இளைஞன் எஞ்சினுக்கு அடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் கையை வெடுக்கென்று இழுத்தான். "இங்கே சுடுகிறது."

எஞ்சினிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் தடித்த எர்த்துக் கம்பியின் முனை அது. எஞ்சினை அணைத்து, பேட்டரியையும் துண்டித்த பின் அந்த முனையைக் கழற்றினோம். ஓராண்டுக்கு முன் படகைக் கரையேற்றியபோது எஞ்சினுக்கு அடித்த வண்ணம், முனைக்கும் இரும்புக்கும் இடையே பூசணிபோல் படிந்திருந்தது. முனையில் பச்சைக் களிம்பு. ரப்பர் உறையைக் கீறிப் பார்த்தால், ஒரு முழம் வரை செம்பு தன் நிறமிழந்து கருந்தூளாக உதிர்ந்தது. உப்பு நீர் உறைக்குள்ளேயே ஊர்ந்து ஏறியிருக்கிறது. வெளியே பார்த்தால் கம்பி கொழுகொழுவென்று இருந்தது. உள்ளே உயிரோடிருந்தவை சில இழைகள்தாம்.

அப்படியானால் பழைய ஆல்டர்னேட்டர் இருந்தவரை விளக்கு மங்காதது ஏன்? அண்ணாச்சி அணியத்திலிருந்தே இக்கேள்வியைக் கேட்டார். நியாயமான கேள்வி. விடை இதுதான்: பழையதின் ரெகுலேட்டர் தனியே, பேட்டரிக்கு அருகில் சுவரில் பொருத்தப்பட்டிருந்தது. அது பேட்டரிக்கு வந்து சேர்ந்த மின்னழுத்தத்தைப் பார்த்து, குறைந்தால் இயந்திரத்தை மேலும் உழைக்கச் சொல்லியது. வழியில் போவது போக, வீட்டுக்குச் சேருவது குறையாமல் பார்த்துக்கொண்டது. புதியதின் ரெகுலேட்டர் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. தன் வாசலில் 14.3 இருந்தால் தன் கடமை முடிந்தது என்று அது நிறைவடைகிறது. ஆக, பழைய இயந்திரம் பழைய கம்பியின் நோயை மறைத்து வைத்திருந்தது. புதியது வந்து அதனை வெளிப்படுத்தியது. வெளிப்படுத்தியவனே குற்றவாளி எனப்பட்டான்.

ஈயம் பூசிய செம்புக் கம்பி, பழையதைவிடத் தடித்ததாக, போகும் வழிக்கும் வரும் வழிக்கும் வாங்கினோம். இரும்பை வெண்மை காணும்வரை சுரண்டி, முனைகளை இறுக நெரித்து, மேலே மசகு பூசினான் இளைஞன். நான்காவது குறையான வேகமுள்ளின் காரணத்தையும் அவனே கண்டான். வேகம் காட்டும் கருவிக்கு ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு சிறு கம்பி வர வேண்டும். புதியதில் அதற்கான முனை ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருந்தது. பழைய கம்பி இணைப்பின்றித் தொங்கியது. "இது என் தவறு" என்று ஒளிக்காமல் சொல்லி, இணைத்துக் கொடுத்தான். சக்கரத்தின் அளவு மாறியிருந்ததால் கருவியின் கணக்கையும் திருத்தினான். நான்கு குறைகளில் அவனுடையது அந்த ஒன்று. அதனால் ஓர் உயிருக்கும் ஆபத்தில்லை.

மீண்டும் எஞ்சின். மீண்டும் எல்லா விளக்குகளும். ஆல்டர்னேட்டரில் 14.3, பேட்டரியில் 14.1. எஞ்சினைக் குறைத்தாலும் கூட்டினாலும் சிவப்பும் பச்சையும் ஒரே நிலையில் நின்றன. அண்ணாச்சி அணியத்திலிருந்து எழுந்து வந்து, மீட்டரைத் தாமே பிடித்துப் பார்த்தார். எழுத்து அதிகம் அறியாதவர். எண் நன்றாக அறிவார். பிறகு மடியிலிருந்து மீதிக் கூலியை எடுத்து எண்ணி இளைஞனிடம் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் தேநீர் வந்தபோது முதல் குவளையை அவனிடம் நீட்டி, "நாளைக்குப் பக்கத்துப் படகையும் ஒருதரம் பாத்துரு தம்பி, அவன் எர்த்தும் இப்படித்தான் கெடக்கும்" என்றார். பய என்பது தம்பி ஆயிற்று. அந்தத் துறையில் அதுவே ஒரு நற்சான்றிதழ்.

இந்நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. முதலாவது, புதியவனின் நிலை. நாம் எல்லாரும் எங்கேனும் புதியவராக வந்து இறங்கியவர்களே. வாடகைக்கு வீடு கேட்ட தெருவில், முதல்நாள் நுழைந்த அலுவலகத்தில், குழந்தையைச் சேர்த்த பள்ளியில், நாம் வருவதற்கு முன்பே இருந்த பழுதுகளுக்கு நாமே காரணம் என்ற பார்வையைப் பலரும் சந்தித்திருப்போம். அந்தப் பார்வையை அறிந்த நாம், நமக்குப் பின்னால் வருபவரிடத்தும், வேறொரு திசையிலிருந்து வந்தவரிடத்தும் அதனையே திருப்பிக் காட்டலாகாது. அளந்து பார்த்த பிறகு குற்றம் சொன்னால் அது நீதி. அளக்கும் முன் சொன்னால் அது அச்சத்தின் குரல் மட்டுமே.

இரண்டாவது, அந்தத் திரும்பும் வழி. போகும் கம்பிக்குச் சிவப்பு உறை உண்டு, ஃபியூஸ் உண்டு, அதன்மேல் எல்லார் கண்ணும் உண்டு. திரும்பி வரும் கம்பி எஞ்சினுக்கு அடியில், எண்ணெயிலும் உப்பு நீரிலும், கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஊரை விட்டு வந்த நாமும் போகும் வழியை நன்றாகவே பேணுகிறோம்: மாற்றல் ஆணை, பதவி உயர்வு, பிள்ளைகளின் படிப்பு, மாதந்தவறாமல் அனுப்பும் பணம். திரும்பி வரும் வழி எப்படியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. வயதான பெற்றோருக்கு எழுதாத கடிதம், பேச்சு நின்றுபோன உடன்பிறப்பு, தாத்தாவின் மொழியில் நான்கு சொல் பேசத் திணறும் நம் குழந்தை — இவையெல்லாம் உறைக்குள் மெல்ல ஏறும் களிம்பு. வெளியே பார்த்தால் கம்பி கொழுகொழுவென்றுதான் இருக்கும். விளக்கு மங்கும்போதுதான் தெரியும். அப்போதும் நாம் புதிதாக வந்த எதையோ குறை சொல்வோம்.

எர்த்துக் கம்பியைச் சுரண்டித் தேய்க்க வேண்டியது ஆண்டுக்கு ஒருமுறை என்றார் பெரியவர். உப்புக் காற்றில் வாழ்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் நல்லதாம். அண்ணாச்சி அதற்கு நாள் குறித்துவிட்டார்: ஒன்று பொங்கலுக்கு முன், மற்றொன்று ஆடி பிறக்குமுன். எங்கள் வீடுகளிலும் அந்த இரண்டு நாட்களைக் குறித்து வைத்திருக்கிறோம். அன்று ஊருக்குப் பேசாமல் உறங்குவதில்லை.